விலகினார், விலக்கினார்: ஒரு வினைச்சொல்லின் சரித்திரம்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று ஒரு பாகுபாடு உண்டு. திருந்தினான், திருத்தினான், உருண்டது, உருட்டியது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற விஷயம். ஆனால் 'விலகினார்' என்பதற்கும் 'விலக்கினார்' என்பதற்கும் நடுவே நிற்கிற ஒரு ககர ஒற்று, சில சமயங்களில் ஒரு ராஜ்யத்தின் கனம் கொண்டதாகிவிடுகிறது. 1689-ஆம் வருஷம் ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் இங்கிலாந்தின் இரண்டு சபைகள், நாட்டில் ராஜா இல்லாத நிலையில், ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு தர்க்கம் செய்தன. அந்தச் சொல் 'ஆப்டிகேட்'. முடி துறத்தல், பதவி துறத்தல் என்று நாம் பொருள் சொல்லிப் பழகியிருக்கிற சொல்.

இதை வெறும் சொற்சண்டை என்று ஒரு வரியில் தாண்டிப் போவது சுலபம். சொற்களோடு மல்லுக்கட்டுவதையே காரியமாகக் கொண்டவர்கள் அப்படித் தாண்டிப் போக வேண்டியதில்லை. அங்கே நடந்தது என்ன என்பதை, அந்தச் சொல்லின் பழைய வாழ்விலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

*

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'அப்' என்றால் அகல, அப்பால். 'டிகாரே' என்றால் அறிவித்தல், பிரகடனம் செய்தல். சொல்லுதல் என்று பொருள்படும் 'டிகெரே'க்கு அது உறவு. நம் இலக்கணம் பயனிலை என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ப்ரெடிகேட்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆக, வேரளவில் ஆப்டிகேட் என்பது வாயால் செய்கிற காரியம். இது என்னுடையது அல்ல என்று நாலு பேர் அறியச் சொல்லிவிடுவது.

ரோமானியர்கள் இதை முக்கியமாக இரண்டு இடங்களில் பயன்படுத்தினார்கள். ஒன்று, பெற்ற பிள்ளையை இவன் என் பிள்ளை இல்லை என்று தள்ளிவைப்பது. இது கிரேக்கர்களின் வழக்கம், ரோமச் சட்டம் இதை ஏற்பதில்லை என்று டயோக்ளீஷியன் சக்கரவர்த்தியின் பெயரில் ஓர் ஆணையே உண்டு. மற்றது, அதிகாரி ஒருவர் பதவியிலிருந்து தன்னை நீக்கிக்கொள்வது. இந்த இரண்டாவது பிரயோகத்தில் லத்தீன் 'தன்னை' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதும். பதவியிலிருந்து தன்னை அப்பால் சொல்லிக்கொண்டான் என்பதுபோல. தன்வினை என்பதை வாக்கியத்திலேயே ஆணி அடித்து வைத்த மாதிரி. அந்த டயோக்ளீஷியனே கி.பி. 305-இல் தன்னிச்சையாகச் சக்கரவர்த்திப் பதவியை விட்டு, டால்மேஷியக் கடற்கரையில் தனக்கென்று கட்டிக்கொண்ட மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார். சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் 'தன்னை' என்ற ஆணி ரோமிலேயே ஆட்டம் கண்டிருந்தது. கி.மு. 63-இல் காட்டிலீனின் சதியில் சம்பந்தப்பட்டவன் லெண்ட்டுலஸ். அப்போது அவன் ப்ரீட்டர் என்ற உயர் பதவியில் இருந்தான். பதவியில் இருக்கிறவனைத் தண்டிப்பதில் தெய்வ சம்பந்தமான தயக்கம் உண்டு. செனட் சபையின் நிர்ப்பந்தத்தில், டிசம்பர் 3-ஆம் தேதி, அவன் பதவியிலிருந்து 'தன்னை விலக்கிக்கொண்டான்'. 5-ஆம் தேதி சிறைக்குழியில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவன் விலகிக்கொண்டதால் மனச்சங்கடம் இல்லாமல் தண்டிக்கலாம் என்று சிசரோவே சபைக்கு வெளியே ஜனங்களிடம் விளக்கியிருந்தார். வினை தன்வினை. செய்வித்தவர்கள் வேறு பேர். அவர்கள் வாக்கியத்தில் இல்லை.

ஆங்கிலத்துக்குப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சொல் வந்து சேர்ந்தது. பிள்ளையைத் தள்ளிவைக்கிற அர்த்தமும் கூடவே வந்து, நாளடைவில் தேய்ந்து போயிற்று. பதவியை விடுகிற அர்த்தம் நிலைத்தது. படித்தவர்கள் எழுத்தில் மட்டும் புழங்குகிற, மிடுக்கான, அதிகம் கைபடாத சொல். கைபடாதது என்பதே பிறகு அதற்கு ஒரு தகுதியாயிற்று.

*

இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். நாடு பெரும்பாலும் ப்ராட்டஸ்டண்ட். 1688 ஜூன் மாதம் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதுவரை, இவருக்குப் பின் ப்ராட்டஸ்டண்டாக வளர்ந்த மூத்த மகள் மேரி வருவாள் என்று பொறுத்திருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை போயிற்று. மேரியின் கணவர், ஜேம்ஸின் மருமகனும் சகோதரி மகனுமான ஆரஞ்ச் இளவரசர் வில்லியம், நவம்பர் 5-ஆம் தேதி படையோடு இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இறங்கினார். ஜேம்ஸின் தளபதிகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள்.

டிசம்பர் 11-ஆம் தேதி விடியுமுன் ஜேம்ஸ் லண்டனை விட்டு நழுவினார். போகிற வழியில் ராஜ்யத்தின் மகா முத்திரையைத் தேம்ஸ் நதியில் போட்டார். முத்திரை இல்லாமல் பார்லிமெண்டைக் கூட்ட ஓலை அனுப்ப முடியாது. தான் இல்லையென்றால் அரசாங்கமே நடக்கக்கூடாது என்பது கணக்கு. கெண்ட் பகுதியில் ஃபேவர்ஷாம் அருகே மீனவர்கள், தப்பியோடும் பாதிரி என்று நினைத்து, அவரைப் பிடித்துவிட்டார்கள். 16-ஆம் தேதி லண்டன் திரும்பினார். தெருவில் ஜனங்கள் ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். இது வில்லியமுக்குச் சௌகரியமாக இல்லை. ஜேம்ஸை லண்டனிலிருந்து கிளப்பி, நதியோரமான ராச்செஸ்டரில், பின்பக்கக் காவல் தளர்வாக இருக்கும்படி ஒரு வீட்டில் வைத்தார்கள். 23-ஆம் தேதி ஜேம்ஸ் அந்தப் பின்பக்கமாகப் போய்ப் படகேறிப் பிரான்ஸுக்குச் சென்றார்.

முதல் தடவை அவராக ஓடினார். பிடித்துக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவை ஓடுவதற்கு வழி செய்து வைத்தார்கள். போகுமுன் ஒரு காகிதம் எழுதி வைத்தார். நாட்டின் கண் திறக்கிற நாளில் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருப்பேன் என்பது அதன் சாராம்சம். இந்தக் காகிதத்தை எழுதியவர் எந்தப் பொருளில் முடியைத் துறந்தார் என்பதுதான் கேள்வி.

*

ராஜா இல்லாமல் பார்லிமெண்டைக் கூட்ட முடியாது. எனவே வில்லியமின் கடிதங்களின் பேரில் தேர்ந்தெடுத்துக் கூடிய சபைக்கு 'கன்வென்ஷன்' என்று பெயர். அது 1689 ஜனவரி 22-இல் கூடியது. 28-ஆம் தேதி காமன்ஸ் சபை தன் தீர்மானத்தை நிறைவேற்றியது. ராஜாவுக்கும் பிரஜைகளுக்கும் இடையிலான மூல ஒப்பந்தத்தை மீறி, ராஜ்யத்தின் அமைப்பைக் குலைக்க முயன்று, அடிப்படைச் சட்டங்களைப் புறக்கணித்து, நாட்டை விட்டு அகன்றுபோன இரண்டாம் ஜேம்ஸ், அரசாட்சியை 'ஆப்டிகேட்' செய்துவிட்டார், அதனால் சிம்மாசனம் காலியாக இருக்கிறது என்பது தீர்மானத்தின் பொருள்.

வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. அன்றைய விவாதத்திலேயே 'டிமைஸ்' என்ற சொல்லையும் எடுத்துப் பார்த்தார்கள். ராஜா இறந்து முடி கைமாறுவதற்குச் சட்டத்தில் வழங்கும் சொல். ஆனால் இவர் உயிரோடிருந்தார். 'டெபோஸ்', அதாவது முடியைப் பறித்தல், நேரான சொல். 1399-இல் இரண்டாம் ரிச்சர்டிடம் முடியை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு, அது போதாதென்று சபையும் தன் பங்குக்கு அவரை நீக்கிற்று. இரண்டு வினைகளையும் ஒருசேரப் பிரயோகித்த காலம் அது. 1689-இல் அந்தத் தைரியம் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன், 1649 ஜனவரி 30-இல், ஜேம்ஸின் தகப்பனாரான முதலாம் சார்லஸை விசாரித்துத் தலையை வெட்டியிருந்தார்கள். அந்த நாளை நாடு முழுதும் உபவாச நாளாக அனுஷ்டித்து வந்தது. பிரபுக்கள் சபை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது சரியாக அந்த உபவாச நாள்தான் வந்து நின்றது. ராஜாவை நீக்கினோம் என்ற வாக்கியத்தை அந்த வாரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயாராயில்லை.

பிரபுக்கள் சபை 'ஆப்டிகேட்' என்பதை அடித்துவிட்டு 'டெஸர்ட்' என்று எழுதியது. விட்டு ஓடுதல், கைவிட்டுப் போதல். காரணம் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று, ஆப்டிகேட் என்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டம் அறியாத சொல். இரண்டு, அதை அறிந்த ரோமச் சட்டத்தில் அதன் வழக்கமான பொருள், தானாக விரும்பி வெளிப்படையாக விட்டுக்கொடுத்தல். அப்படி எதுவும் இங்கே நடக்கவில்லை. அகராதியின்படி பிரபுக்கள் சொன்னதே சரி.

காமன்ஸ் தரப்பில் பேசியவர்களில் ஜான் சோமர்ஸ் முக்கியமானவர். 37 வயது வக்கீல். முதன்முறையாக சபைக்கு வந்தவர். பின்னாளில் பெரிய பதவிகளுக்குப் போனார். மாநாட்டுக்கு அவர் க்ரோஷியஸையும் ரோமச் சட்ட அகராதிகளையும் மேற்கோளாகக் கொண்டுவந்தார். உங்கள் 'டெஸர்ட்' மட்டும் பொதுச் சட்டச் சொல்லா, அதுவும் லத்தீன்தானே என்று கேட்டார். விட்டு ஓடியவன் திரும்பி வரலாம், ஆப்டிகேட் செய்தவனுக்குத் திரும்பும் பாதை இல்லை என்றார். பிறகு மையமான வாதத்துக்கு வந்தார். துறத்தலை வாய்ச்சொல்லாலும் எழுத்தாலும்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒன்றை வைத்துக்கொள்வதற்குப் பொருந்தாத காரியங்களைச் செய்தாலே அதைத் துறந்ததாகிவிடும்.

இந்த இடத்தில்தான் சொல் திரும்பிக்கொள்கிறது. சொல்லுதல் என்ற வேரிலிருந்து முளைத்த வினை, எதுவும் சொல்லாமலேயே செய்யக்கூடியதாகிவிட்டது. நீ சொல்ல வேண்டாம், உன் நடத்தை சொல்லிவிட்டது. என்ன சொல்லிற்று என்று நாங்கள் வாசித்துக்கொள்கிறோம். ஜேம்ஸின் சிம்மாசனத்தைப் பறித்தவர்கள் அவருக்கு எழுவாயின் இடத்தைக் கொடுத்தார்கள். தங்களை வாக்கியத்திலிருந்தே நீக்கிக்கொண்டார்கள். உண்மையில் அந்த வாரம் ஆப்டிகேட் செய்தது கன்வென்ஷன்தான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

ஓட்டை இன்னொன்றும் இருந்தது. 'அதனால்' என்கிற சொல். ஒரு ராஜா விலகினால் அவருடைய வாரிசு ராஜாவாகிறான். சிம்மாசனம் எப்படிக் காலியாகும்? ஏழு மாதக் குழந்தை பிரான்ஸில் இருந்தது. அது ராணி பெற்ற குழந்தையே அல்ல, படுக்கையைச் சூடாக்கும் பாத்திரத்தில் வைத்துக் கடத்தி வந்தது என்று ஊரெல்லாம் வதந்தி. அதை விசாரிக்க யாரும் விரும்பவில்லை. குழந்தையை விட்டால் மேரி. மேரிக்கென்றால் காலி இல்லை, ஏற்கெனவே ராணி. இதையெல்லாம் நாட்டிங்ஹாம் பிரபுவும் அவரைச் சேர்ந்தவர்களும் விடாமல் கேட்டார்கள். நேரான பதில் வரவில்லை.

பிப்ரவரி 6-ஆம் தேதி பிரபுக்கள் பணிந்தார்கள். சோமர்ஸின் அகராதிகள் ஜெயித்தன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனைவியின் தயவில் நிற்கிற புருஷனாகவோ, பிரதிநிதியாக ஆள்கிறவனாகவோ இருக்க மாட்டேன், அப்படியென்றால் ஹாலந்துக்குத் திரும்பிவிடுவேன் என்று வில்லியம் சில பிரபுக்களிடம் சொல்லியிருந்தார். தனியாக ஆள மேரியும் விரும்பவில்லை. படை வில்லியமுடையது. தீர்மானித்தது நிலைமை. நிலைமையின்மேல் போர்த்துவதற்குச் சொல் தேவைப்பட்டது. 13-ஆம் தேதி இருவருக்கும் முடியை அளித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் உரிமைகள் சட்டமாக வந்தபோது, ஜேம்ஸ் அரசாட்சியை ஆப்டிகேட் செய்தார் என்ற வாசகம் அதில் உட்கார்ந்தது. இன்றும் இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

*

அதே வசந்தத்தில் ஸ்காட்லாந்தும் இதே ஜேம்ஸை நீக்கியது. அங்கே ஆப்டிகேட் என்ற சொல் செல்லாது. ராஜாவான பிறகு ஜேம்ஸ் ஸ்காட்லாந்துக்கு வந்ததே இல்லை. வராதவர் எங்கிருந்து ஓடுவார்? 1689 ஏப்ரலில் அவர்கள் எழுதியது, தவறான காரியங்களால் முடிக்கான உரிமையை அவர் இழந்தார் என்பது. குற்றம் செய்த ஜமீன்தாரின் நிலம் பறிமுதலாவதற்குப் பயன்பட்ட பழைய சட்டச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அழகில்லாத சொல். ஆனால் குற்றம், தண்டனை, தண்டித்தவர் எல்லாம் அதில் தெரிகிறது. ஒரே மனிதர், ஒரே வருஷம், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வினை, அந்தப் பக்கம் வேறு வினை.

துறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஜேம்ஸோ, 1689 மார்ச்சில் பிரெஞ்சு உதவியோடு அயர்லாந்தில் போய் இறங்கினார். டப்ளினில் ஒரு பார்லிமெண்ட் கூடி அவரையே ராஜா என்றது. 1690 ஜூலையில் பாய்ன் நதிக்கரையில் தோற்று மறுபடியும் பிரான்ஸுக்குப் போனார். 1701-இல் சாகும்வரை தான் ராஜா என்றே இருந்தார். இங்கிலாந்தில் ரத்தம் அதிகம் சிந்தாமல் காரியம் முடிந்தது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அயர்லாந்தில் சிந்திய ரத்தம் அந்த வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது.

மறைத்து வைத்த வினை நூறு வருஷம் கழித்து வெளியே வந்தது. 1789 நவம்பரில் ரிச்சர்ட் ப்ரைஸ் என்ற போதகர், தங்களை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்கவும், தவறு செய்தால் விலக்கவும் ஜனங்களுக்கு உரிமை உண்டு, 1688 கற்றுக்கொடுத்தது அதுதான் என்று பிரசங்கம் செய்தார். விலக்குவதற்கு அவர் எடுத்த சொல், படையிலிருந்து அதிகாரியை அவமானப்படுத்தி நீக்குவதற்கு வழங்குவது. பட்டவர்த்தனமான பிறவினை. எட்மண்ட் பர்க் கொதித்தெழுந்து 1790-இல் பதில் எழுதினார். அப்படி ஓர் உரிமையை அந்தத் தலைமுறை கோரவே இல்லை என்றார். தலைமுறை தத்துவமாக வந்த மரபு அறுந்த இடத்தை அவர்கள் சாமர்த்தியமாகத் திரையிட்டு மறைத்ததை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, பாராட்டாகவே சொன்னார். திரை இருந்தது என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. பின்னால் இருப்பதைப் பார்க்கலாமா கூடாதா என்பதே சண்டை. ஜனங்கள் ராஜாவை நீக்கலாம் என்பதை நீக்கியவர்களே எழுதி வைத்திருந்தால், பர்க்கின் வாதத்துக்கு நிற்க இடம் இருந்திராது.

*

தானாக முன்வந்து முடியை விட்ட இங்கிலாந்து ராஜா என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் அது எட்டாம் எட்வர்ட். மந்திரிகளின் நெருக்குதல் இருந்தது என்றாலும், விரும்பிய பெண்ணை விட மறுத்து முடியை விட்டார். 1936 டிசம்பர் 10-ஆம் தேதி மூன்று சகோதரர்கள் சாட்சியாக அவர் கையெழுத்திட்ட பத்திரத்தில், தான் செய்கிற காரியத்துக்கு அவர் பயன்படுத்திய வினை ஆப்டிகேட் அல்ல, 'ரினவுன்ஸ்'. ஆப்டிகேட்டின் பெயர்ச்சொல் வடிவம் பத்திரத்தின் பெயராக மட்டும் வருகிறது. மறுநாள் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், அவர் ராஜாவாக இருப்பது நின்றது என்றும், முடி 'டிமைஸ்' ஆயிற்று என்றும் சொன்னது. 1689-இல் கீழே போட்ட சொல் இங்கே பயன்பட்டது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின்படி அவர் விலகியது 10-ஆம் தேதி, லண்டன் சட்டப்படி 11, அயர்லாந்தில் 12. தன் வாயால் சொல்லியும் அந்த வினை எப்போது நிகழ்ந்தது என்பதை மற்றவர்கள்தான் நிச்சயித்தார்கள். துறக்காதவர்மேல் அந்த வினையை ஏற்றினார்கள். துறந்தவர் அந்த வினையைத் தொடவில்லை.

ஜெர்மனியில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. 1918 நவம்பர் 9-ஆம் தேதி, கைசர் வில்ஹெல்ம் முடி துறந்தார் என்று பெர்லினில் பிரதம மந்திரி மாக்ஸ் அறிவித்தார். கைசர் அப்போது பெல்ஜியத்தில் இருந்தார், இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டது நவம்பர் 28-இல், ஹாலந்தில் அடைக்கலம் புகுந்த பிறகு. செய்யுமுன்பே செய்து முடித்ததாகச் சொல்லப்பட்ட வினை.

இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ராஜாக்களை நம்பிப் பிழைக்கவில்லை. சர்க்கார் பொறுப்பை ஆப்டிகேட் செய்துவிட்டது, நீதிமன்றம் கடமையை ஆப்டிகேட் செய்துவிட்டது என்று எழுதுகிறார்கள். இந்தப் பிரயோகத்தைக் கவனித்தால், என் பொறுப்பை ஆப்டிகேட் செய்கிறேன் என்று தன்னைப் பற்றி யாரும் சொல்வது அபூர்வம். அது அவர், அது, அவர்கள் என்று படர்க்கையிலேயே வாழ்கிறது. ஒருவருடைய நடத்தையை இன்னொருவர் வாசித்துச் சொல்கிற தீர்ப்பு. டயோக்ளீஷியனின் சொல் மறைந்து சோமர்ஸின் சொல் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

நம் 'துற' அப்படிப்பட்ட வினை அல்ல. சிலப்பதிகாரப் பதிகம் இளங்கோவைப் பற்றிச் சொல்கையில், அரசைத் துறந்தவர் என்றே சொல்கிறது. அதில் மனசின் சம்மதம் இருக்கிறது, ஒரு மேன்மை இருக்கிறது. ஓடிப்போனவனைத் துறந்தவன் என்று தமிழில் சொன்னால் அது கேலி. எனவே சர்க்கார் பொறுப்பைத் துறந்தது என்று மொழிபெயர்க்கும்போது, திட்ட வந்தவன் வாழ்த்திவிட்டுப் போகிற மாதிரி ஆகிறது. தட்டிக்கழித்தது, கைகழுவியது என்பவை எவ்வளவோ தேவலை. இரண்டாம் ஜேம்ஸ் முடி துறந்தார் என்று சரித்திரப் பாடத்தில் எழுதும்போதும் நாம் செய்வது இதுவே. இங்கிலாந்தின் திரையை எடுத்து, அதற்கு ஒரு காவிச்சாயமும் ஏற்றிக் கொடுக்கிறோம்.

அந்த உரிமைச் சட்டத்தின் வாசகத்தைத் தமிழில் கொண்டுவர முயல்கிறவன் தன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். 'துறந்து' பொய். 'கைவிட்டு' என்றால் பிரபுக்களின் பக்கம் சாய்ந்தாயிற்று. 'இழந்து' ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. பிறகு 'விலகி' இருக்கிறது, 'விலக்கி' இருக்கிறது. கன்வென்ஷன் தள்ளிப்போட்டுக்கொண்டே போன முடிவை, அந்த ஒற்றை எழுதுமுன் அவன் எடுத்தாக வேண்டும்.